மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு: காரணம் கிடைக்கும்வரை தேடுங்கள்

கேள்வி:

என் அம்மாவுக்கு 68 வயது. மாதவிடாய் நின்று இருபது வருடங்கள் ஆகின்றன. நான்கு மாதங்களுக்கு முன்பு திடீரென்று உதிரம் படத் தொடங்கியிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பழைய சேலைத் துணியை வைத்துச் சமாளித்திருக்கிறார். துணி துவைக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. கேட்டதற்கு, "உடம்புச் சூடா இருக்கும், தானா நின்னுடும்" என்றார். கொஞ்ச நாளாக மார்பு கனத்து வலிப்பதாகவும் சொல்கிறார். ஒல்லியான உடம்பு, 46 கிலோதான். பிரஷர் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு 13 மில்லிமீட்டர் தடித்திருப்பதாகவும், வலது சினைப்பையில் 8 சென்டிமீட்டர் கட்டி இருப்பதாகவும், அதில் பல நீர் அறைகளும் சதைப் பகுதியும் கலந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். டி அண்ட் சி செய்தார்கள். 'புற்றுநோய் இல்லை, ஹைப்பர்பிளேசியா' என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் சிஏ-125 அளவு 14.

முதலில் பார்த்த டாக்டர், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம்" என்கிறார். இன்னொருவர், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உதிரப்போக்கு நின்றுவிடும்" என்கிறார். பெரியம்மாவும் சித்தப்பாவும் "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்று தடுக்கிறார்கள். அம்மா யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். காத்திருக்கலாமா? ஆபரேஷனைத் தாங்குவாரா? இது எனக்கும் என் மகளுக்கும் வருமா?

— வாசகி, கும்பகோணம்

பதில்:

காத்திருக்க வேண்டாம். அதற்காக, கர்ப்பப்பையை மட்டும் அவசரமாக எடுத்துவிடவும் வேண்டாம். பெண்களின் புற்றுநோய்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். கைனக் ஆன்காலஜிஸ்ட் என்று கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய எவராலும் முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன. அம்மாவின் சினைப்பைக் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கிறதா என்பதுதான் இப்போது விடை காண வேண்டிய கேள்வி. அப்படிச் சுரக்கும் கட்டிகளில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது 'கிரானுலோசா செல் கட்டி'. சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 2 முதல் 5 வரையே இந்த வகை. 1855-லேயே வியன்னாவின் நோய்க்குறியியல் அறிஞர் ரோக்கிடான்ஸ்கி இதை விவரித்துவிட்டார். இருந்தும், அரிதாக வருவதால் இன்றும் பலருக்குத் தாமதமாகவே பிடிபடுகிறது.

அந்த ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது?

மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்து, பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். உதிரம் பட்ட ஒரு பெண்ணுக்கு ஸ்கேனில் அந்தச் சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அங்கே புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. உங்கள் அம்மாவுக்கு அது 13 மில்லிமீட்டர். ஹைப்பர்பிளேசியா என்றால் சவ்வின் செல்கள் தூண்டப்பட்டு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன என்று பொருள். தூண்டியது ஈஸ்ட்ரோஜன். மார்பு கனப்பதும் வலிப்பதும் அதே ஹார்மோனின் வேலையாக இருக்கலாம்.

இருபது வருடங்களுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்த உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வர மூன்று முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, மாத்திரை. ஹார்மோன் மாத்திரைகளும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபெனும் உட்சவ்வைத் தூண்டும். அம்மா அவற்றைச் சாப்பிடவில்லை. இரண்டாவது, உடற்கொழுப்பு. பருமனான பெண்களின் கொழுப்புத் திசு மற்ற ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். 46 கிலோ உடம்பில் அதற்கு இடம் குறைவு. மூன்றாவது, ஹார்மோன் சுரக்கும் கட்டி. ஸ்கேனில் ஒரு கட்டி இருக்கிறது.

டி அண்ட் சி ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. உட்சவ்வில் என்ன நடந்திருக்கிறது என்பதை அது சொல்லிவிட்டது. ஏன் நடந்தது என்பதைச் சொல்லவில்லை. உதிரம் வந்த இடம் கர்ப்பப்பையாக இருந்தாலும், அதை வரவழைத்தது பக்கத்தில் இருக்கும் சினைப்பையாக இருக்கலாம். அதனால்தான் சினைப்பைக் கட்டியின் தன்மையைத் தீர்மானிக்காமல் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது சரியாகாது என்கிறேன்.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு சொல்லையும் தேடிப் பாருங்கள்: 'அட்டிப்பியா'. செல்களின் உருவம் கெட்டிருக்கிறதா என்பதைக் குறிக்கும் சொல் இது. அட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியா புற்றுநோயாக மாறுவது குறைவு. அட்டிப்பியா இருந்தால் நிலைமை வேறு. அப்படிப்பட்டவர்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் 10-ல் 4 பேருக்கு உள்ளேயே புற்றுநோய் ஒளிந்திருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. டி அண்ட் சி-யில் உட்சவ்வின் ஒரு பகுதிதான் சுரண்டப்படுகிறது. விடுபட்ட பகுதியில் வேறு கதை இருக்கலாம். உதிரம் தொடர்ந்தால், ஹிஸ்டிரோஸ்கோப் மூலம் உள்ளே நேரில் பார்த்துச் சந்தேகமான இடத்தில் சதை எடுப்பது நல்லது.

சிஏ-125 நார்மல் என்றால் நிம்மதியா?

இந்த எண்ணைப் பார்த்துத்தான் முதல் டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சிஏ-125 ஒரு புரதம். சினைப்பையின் மேலுறை வகைப் புற்றுநோய்களில் இது கூடும். ஆரம்ப நிலையில் அந்த நோயாளிகளிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் 35 என்ற எல்லையைத் தாண்டும். கிரானுலோசா செல் கட்டி பிறப்பது மேலுறையிலிருந்து அல்ல, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து. அதில் சிஏ-125 பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

சினைப்பைக் கட்டி எவ்வளவு ஆபத்தானது என்று மதிப்பிட 1990 முதல் ஒரு எளிய கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. ஸ்கேனில் சந்தேகக் குறிகள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. மாதவிடாய் நின்றவர் என்றால் 3. இவை இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். உங்கள் அம்மாவுக்குப் பல அறைகள், சதைப் பகுதி என்று இரண்டு குறிகள் உள்ளன. 3 × 3 × 14 = 126. கணக்குப்படி அபாயம் குறைவு. இந்தக் கணக்கு பெருவாரியாக வரும் வகைகளுக்காக அமைந்தது. ஹார்மோன் சுரக்கும் அரிய கட்டியை அது எளிதாகத் தவறவிட்டுவிடும். எண் சிறியதாக இருந்தாலும், நோயாளி சொல்லும் கதை பொருந்தவில்லை என்றால் கதையின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

இதையும் சொல்ல வேண்டும்: மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஸ்கேனில் தெரியும் எல்லாக் கட்டிகளும் பயப்பட வேண்டியவை அல்ல. 5 சென்டிமீட்டருக்குள், ஒரே அறையாக, உள்ளே நீர் மட்டும் இருந்து, சிஏ-125-ம் நார்மலாக இருந்தால் சில மாத இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே சரி. உங்கள் அம்மாவின் கட்டி அந்த வகையில் சேராது.

கேட்டுச் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

ரத்தத்தில் நான்கு அளவுகள் உதவும்: இன்ஹிபின் பி, ஏஎம்ஹெச், எஸ்ட்ராடையால், எஃப்எஸ்ஹெச். மாதவிடாய் நின்றபின் முதல் இரண்டும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்; கூடியிருந்தால் கிரானுலோசா செல்கள் எங்கோ வேலை செய்கின்றன என்று பொருள். எஃப்எஸ்ஹெச் நேர்மாறானது. இந்த வயதில் அது மிக உயர்ந்திருக்க வேண்டும். 68 வயதில் குறைந்திருந்தால், ஏதோ ஒன்று அதை அடக்கிவைத்திருக்கிறது. இன்ஹிபின் பி பரிசோதனையை எல்லா ஊர் லேபிலும் செய்வதில்லை. மாதிரியை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதல் எண்தான் அளவுகோல்.

இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் எடுத்தால் கட்டியின் அமைப்பும், வேறெங்காவது பரவியிருக்கிறதா என்பதும் தெரியும். மார்பு வலிப்பதால் மேமோகிராமையும் விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோயும் இரைப்பைப் புற்றுநோயும் சினைப்பைக்குப் பரவி, அங்கே புதிதாகத் தோன்றிய கட்டி போலவே காட்சி தரும். பசியின்மையோ எடைக் குறைவோ இருந்தால் எண்டோஸ்கோப்பியும் தேவைப்படும்.

ஊசி குத்திப் பார்க்கலாமா?

"சும்மா ஒரு ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மார்பிலோ கழுத்திலோ இருக்கும் கட்டிக்கு அது சரி. சினைப்பைக்குள் மட்டுமே அடங்கிய கட்டியைக் குத்தினாலோ உடைத்தாலோ அதன் செல்கள் வயிற்றுக்குள் சிந்தும். முதல் நிலையின் 'ஏ' பிரிவில் இருந்த நோய் 'சி' பிரிவுக்குப் போய்விடும். திரும்ப வரும் அபாயமும் கூடும். கட்டியை உடையாமல், முழுதாக எடுப்பதுதான் இங்கே பயாப்ஸி. லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் கட்டியைப் பைக்குள் போட்டு மூடித்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படி முடியாது என்று தோன்றினால் வயிற்றைத் திறந்து எடுப்பதே பாதுகாப்பு.

ஆபரேஷனும் அதன் பிறகு வரும் ரிப்போர்ட்டும்

இந்த வயதில் கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார்கள். வயிற்றின் உட்பரப்பையும் பார்த்துச் சிறு துண்டுகள் எடுப்பார்கள். சில மையங்களில் ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியின் ஒரு பகுதியை உறைய வைத்துப் பார்க்கும் 'ஃப்ரோஸன் செக்‌ஷன்' வசதி உண்டு. அந்த வசதி உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இறுதி முடிவு சில நாள் கழித்து வரும் முழு ரிப்போர்ட்தான்.

கிரானுலோசா செல் கட்டியின் செல்களுக்கு, நடுவில் பள்ளமிட்ட, காப்பிக்கொட்டை போன்ற உட்கரு இருக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கு அது பிடிபடும். ஆனாலும் சில மேலுறைப் புற்றுநோய்களும், வேறு இடத்திலிருந்து பரவியவையும் இதேபோல வேடம் போடும். இன்ஹிபின், கால்ரெடினின் போன்ற சாயப் பரிசோதனைகள் அவற்றைப் பிரித்துக் காட்டும். அதன் பிறகும் ஐயம் இருந்தால் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவைப் பார்க்கலாம். கனடாவின் வான்கூவரில் நடந்த ஆய்வில் 2009-ல் தெரியவந்தது இது: பெரியவர்களுக்கு வரும் கிரானுலோசா செல் கட்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், நூற்றுக்கு 97-ல், அந்த மரபணுவில் ஒரே எழுத்து, ஒரே இடத்தில் மாறியிருக்கிறது. இவ்வளவு துல்லியமான அடையாளம் உள்ள புற்றுநோய்கள் மிகக் குறைவு.

நல்ல செய்தி வரவும் வாய்ப்பு உண்டு. தீகோமா என்ற கட்டியும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்; அது பெரும்பாலும் சாதுவானது, எடுத்துவிட்டால் கதை முடிந்தது. கிரானுலோசா செல் கட்டியாகவே இருந்தாலும், பெரும்பாலோருக்கு அது முதல் நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கீமோதெரபி எல்லோருக்கும் தேவைப்படாது.

இந்தக் கட்டிக்கு ஒரு குணம் உண்டு. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் அது திரும்பி வரலாம். "ஐந்து வருஷம் ஆயிற்று, இனி வர வேண்டாம்" என்று இந்த நோயில் சொல்ல முடியாது. ஆயுள் முழுக்க இன்ஹிபின் பி அளவையும் பரிசோதனையையும் தொடர வேண்டும்.

இந்த வயதில் தாங்குவாரா?

பெரியம்மாவின் கவலையில் அன்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் மயக்க மருந்து நிபுணர் பார்ப்பது பிறந்த தேதியை மட்டுமல்ல. இதயம், நுரையீரல், சிறுநீரகம், ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் பார்ப்பார். நின்று இளைப்பாறாமல் ஒரு மாடி ஏற முடிகிறதா, வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று கேட்பார். இவை சரியாக இருக்கும் 68 வயதுப் பெண், உடல் தளர்ந்த 50 வயதுக்காரரைவிட நன்றாகவே ஆபரேஷனைத் தாங்குவார். நான்கு மாதம் உதிரம் போயிருக்கிறது. ஹீமோகுளோபினை முதலில் பார்த்து, குறைந்திருந்தால் சரி செய்யுங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டாலும் ஆபத்து இருக்கிறது. சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொள்ளலாம். கிரானுலோசா செல் கட்டியில் ரத்த ஓட்டம் அதிகம். அது வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியபடி நோயாளிகள் அவசரப் பிரிவுக்கு வருவதுண்டு. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனைவிட நள்ளிரவில் அவசரமாகச் செய்வது பல மடங்கு ஆபத்தானது என்று குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் இடத்தில் அம்மாவும் இருக்கட்டும். அவர் தலையாட்டுவது சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் அவர் தனியாகப் பேசச் சில நிமிடங்கள் கொடுங்கள். பிள்ளைகள் முன் சொல்லக் கூசும் விஷயங்களை அப்போது சொல்வார். நோயைக் கண்டுபிடிக்கும் சாவி பல நேரம் அதில்தான் இருக்கிறது.

மற்ற அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும்

இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்காகவும் சிலவற்றைச் சொல்கிறேன். வயதான பெண்களுக்கு வரும் அரிய கட்டிகள் பெரும்பாலும் 'வயசுக் கோளாறு' என்ற பெயரில்தான் ஒளிந்திருக்கின்றன.

மாதவிடாய் நின்றபின் ஃபைப்ராய்டு கட்டிகள் சுருங்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடாமலே ஒன்று புதிதாகத் தோன்றினாலோ வளர்ந்தாலோ, சார்கோமா என்ற புற்றுநோயாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஃபைப்ராய்டு என்று நம்பி ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பை சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014-ல் கணித்தது. கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டுதுண்டாக்கி எடுக்கும் மார்செல்லேட்டர் கருவி நோயைப் பரப்பிவிடும் என்றும் எச்சரித்தது.

முகத்தில் மீசை தாடி போல முடி முளைப்பது, குரல் தடிப்பது, உச்சியில் முடி கொட்டுவது ஆகியவை சில மாதங்களுக்குள் வேகமாக வந்தால் ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டியைத் தேட வேண்டும்.

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வருடக்கணக்கில் அரிப்பு, தோல் வெளுப்பது, ஆறாத புண் இருந்தால் களிம்பு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துளி சதை எடுத்துப் பார்த்தால் போதும்.

வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்து, சினைப்பையில் கட்டியும் இருந்து, சிஏ-125-ம் மிக உயர்ந்திருந்தால் "முற்றிப்போச்சு" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது ஃபைப்ரோமா என்ற சாதுவான கட்டி. மெக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அந்த நிலை அறியப்படுகிறது. கட்டியை எடுத்தால் வயிற்று நீரும் நெஞ்சு நீரும் தாமாக வற்றிவிடும். இன்னும் சிலருக்கு இருப்பது வயிற்றுக் காசநோய். நம் நாட்டில் இது அரிதும் அல்ல. மாத்திரையில் குணமாகக் கூடியது. சதைப் பரிசோதனை செய்யாமல் எந்த முதிய பெண்ணுக்கும் கடைசித் தீர்ப்பு எழுதக் கூடாது.

உங்களுக்கும் மகளுக்கும்

நான் குறிப்பிட்ட ஃபாக்ஸ்எல்2 மாற்றம் கட்டிக்குள் மட்டும் நிகழ்வது. தாயிடமிருந்து மகளுக்கு வருவதில்லை. ஆகவே கிரானுலோசா செல் கட்டி என்று உறுதியானால் பரம்பரை பற்றிக் கவலைப்பட வேண்டாம். இறுதி ரிப்போர்ட்டில் 'ஹை கிரேடு சீரஸ்' போன்ற மேலுறைப் புற்றுநோய் வகை வந்தால், அம்மாவுக்கு பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் முடிவைப் பொறுத்து உங்களுக்கும் ஆலோசனை தேவைப்படும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படங்களையும் வாங்குங்கள். டி அண்ட் சி செய்த மருத்துவமனையின் லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த பிளாக்குகளையும் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது கருத்து கேட்க அவை அவசியம். காகித ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரால் எதுவும் சொல்ல முடியாது. உதிரம் எப்போது தொடங்கியது, எத்தனை நாள், மார்பு வலி எப்போதிருந்து, என்னென்ன மாத்திரைகள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இத்தகைய அரிய கட்டிகளைப் பார்த்துப் பழகிய குழுக்கள் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வியை முதலில் வையுங்கள்: "அம்மாவின் உட்சவ்வு தடித்ததற்குக் காரணமான ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது?" அதற்குச் சதைப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒரே பதிலைச் சொல்லும்வரை, 'எல்லாம் நார்மல்' என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள்.